பாப்பாயி அக்காவின் வாய்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்டு நீங்களும் சிரிக்கலாம், சிரித்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

கொல்லிமலை வளப்பூர் நாட்டில் படம் வரைவதற்கென்றே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாயி அக்கா மத்தியானத்தில் வந்து எனக்காக உட்கார்வார். ஓயாத வாய். மிளகுக்கொடி, மாமியார், பஸ் வராத கதை என்று பேசிக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பார். பொழுது சாய்ந்ததும் "வாரேனுங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். நான் வரைவது நவீன ஓவியம், ஆளை அப்படியே வரைய மாட்டேன், எது வேண்டாமென்று தோன்றுகிறதோ அதை விட்டுவிடுவேன். அந்தப் படத்தில் வாயை விட்டுவிட்டேன். மூக்குக்குக் கீழே வெறும் மஞ்சள்.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "ஏனுங்க அம்மிணி, வாயில்லாம ஊட்டுக்குப் போறப்ப வாரேன்னு எப்படிங்க சொல்லுவேன்?"

"இது நீங்க இல்லக்கா, படம்," என்றேன்.

"என்னையத்தானுங்க உக்கார வெச்சு எழுதுனீங்க?" என்று சிரித்தார். அன்றைக்கு ஏனோ சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போய்ப் பார்த்தால் வாசலில் அவர் கணவர் நின்றிருந்தார்.

"உங்க ஊட்ல இருந்து வந்ததுல இருந்து பேச்சே வர்லீங்க. நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனனுங்க, தொண்டையில ஒண்ணுமில்லைங்கறாங்க."

உள்ளேயிருந்து அக்கா என்னைப் பார்த்தார். கோபமில்லை. விரலால் தன் உதட்டைத் தொட்டுக் காட்டி, என் வீட்டுப் பக்கம் கையை நீட்டினார்.

ஓடி வந்தேன். நம்பினால் நம்புங்கள், கையில் கிடைத்த பிரஷ்ஷை எடுத்து அந்த மஞ்சளின் மேல் கோணலாக ஒரு சிவப்பு வாயை இழுத்துவிட்டேன். பட்டப்பகல். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "ஏனுங்க அம்மிணி!" என்று அக்காவின் குரல் கேட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அத்தோடு முடிந்திருந்தால் தற்செயல் என்று நானே சொல்லியிருப்பேன். அக்கா இப்போது பழையபடி எல்லாம் பேசுகிறார், வாரேன் என்கிற அந்த ஒரு வார்த்தை மட்டும் வருவதில்லை. கிளம்பும்போது தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். ஆனால் பொழுது சாய்ந்தால், பூட்டிய அறைக்குள், சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்த படத்திலிருந்து "வாரேனுங்க அம்மிணி" என்று கேட்கிறது. முதல் தடவை கேட்டபோது கதவைத் திறந்து கட்டிலுக்கடியில்கூடத் தேடினேன்.

படத்தை விலைக்குக் கேட்கிறார்கள், கொடுக்கவில்லை. அந்த வாயைச் சுரண்டிவிடலாம் என்று கத்தியை எடுப்பேன், அக்காவின் பேச்சு போய்விட்டால் என்ன செய்வதென்று பயந்து திரும்ப வைத்துவிடுவேன். நேற்றும் வேலியோரம் நின்று கேட்டார், சிரித்துக்கொண்டேதான்:

"ஏனுங்க அம்மிணி, எம்பட வாயி பத்தரமா இருக்குதுங்களா?"