அய்யம்மாள் போடச் சொன்ன மூன்று போன்

அய்யம்மாளைக் கோழி கொன்றவள் என்று ஒரு வருடம் ஊரே பேசியது. பேச வைத்தவர் ஸ்டான்லி. தேனி பஜாரில் கடை, தேவதானப்பட்டிக்குப் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை என்று பெரிய மனிதராக நடமாடுகிறவர்.

அந்தப் பண்ணையில் அவள் பதினோரு வருடம் உழைத்தாள். மூன்று கோழிக்கான கம்பிக் கூண்டில் ஸ்டான்லி ஐந்தை அடைத்திருப்பார். இறக்கையை விரிக்கக்கூட இடம் கிடையாது. "மே மாசம் தாங்காது மொதலாளி, ரெண்டக் கொறைங்க" என்று அவள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன மே மாதம் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. ஃபேன்கள் நின்றன. ஜெனரேட்டரில் சொட்டு டீசல் இல்லை. வாங்கி வைக்க வேண்டியவர் ஸ்டான்லி. அவள் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்தும் நானூறு கோழிகள் கூண்டுக்குள்ளேயே செத்தன. வந்து இறங்கிய மனிதர், வேலையாட்கள் முன்னால், "ஜெனரேட்டரப் போடாமத் தூங்கிட்டா" என்றார். கொஞ்சமும் வாய் கூசவில்லை. அதோடு விட்டாரா? தேனி வட்டாரத்தில் இருந்த மற்ற மூன்று பண்ணைக்காரர்களுக்கும் போன் போட்டு, அவளை வேலைக்குச் சேர்க்காதீர்கள் என்று சொல்லிவைத்தார்.

அய்யம்மாள் ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனாள். கை கொடியைக் கட்டும். மனசு ஸ்டான்லியைக் கட்டிவைத்து உதைக்கும். அவர் வாயாலேயே உண்மையைச் சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று இருந்தாள்.

இந்த வருடம் கேரள வியாபாரி ஒருவர், கூண்டில் அடைக்காத கோழியின் முட்டைதான் வேண்டும் என்றார். ஸ்டான்லிக்கு ஆசை வந்துவிட்டது. கூண்டுகளைக் கழற்றினார். தரையில் உமி பரப்பினார். கோழிகள் ஏறி உட்காரக் கம்புகள் கட்டினார். கூண்டிலேயே வளர்ந்த ஆயிரத்து ஐந்நூறு கோழிகளை ஒரே நாளில் இறக்கிவிட்டார். கூண்டுக் கோழிக்குக் கம்பு ஏறத் தெரியுமா? பொழுது சாய்ந்ததும் பயந்துபோய் எல்லாம் ஒரே மூலைக்கு ஓடின. ஒன்றின்மேல் ஒன்று ஏற, அடியில் மாட்டியவை மூச்சுத் திணறிச் செத்தன. தினமும் முப்பது, நாற்பது போயிற்று.

"அய்யம்மாக்கா இங்க வாரதுக்கு முன்னாடி தரை ஷெட்டுல வேல பாத்தவக. அவகளுக்குத்தேன் வழி தெரியும்" என்றான் சூப்பர்வைசர் கார்த்திக்ராஜ்.

ஸ்டான்லி தோட்டத்துக்கே காரில் வந்தார். "சம்பளத்தக் கூட்டித் தாரேன், வா அய்யம்மா."

"சம்பளம் கெடக்கட்டும். எம்மேல பொய் சொன்னீகள்ல? எல்லார் முன்னாலயும் உண்மையச் சொல்லணும்."

தலையை ஆட்டி அழைத்துப் போனார். சாயங்காலம் வேலையாட்கள் முன்னால் தரையைப் பார்த்து, "அன்னைக்கி ஏதோ தெரியாம நடந்துபோச்சு" என்று முனகினார். அய்யம்மாள் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டாள். வெளிச்சம் குறைந்தது. கோழிகள் மூலைக்கு நகர ஆரம்பித்தன.

"ஆத்தா, மொதல்ல கோழியப் பாரு!" என்று பதறினார் ஸ்டான்லி.

"மொதல்ல அந்த மூணு பண்ணைக்கும் போனப் போடுங்க. ஸ்பீக்கர்ல."

கோழிகள் கத்தியது அவளுக்குக் கேட்டது. ஆனாலும் அசையவில்லை. நானாக இருந்தாலும் அசைந்திருக்க மாட்டேன்.

முதல் போனில் மென்று விழுங்கினார். "கேக்கல" என்றாள் அவள். திரும்பச் சொன்னார்: "டீசல் வாங்கி வைக்காதது நான். அய்யம்மா மேல பொய் சொன்னேன்." இரண்டாவது போனிலும் அதையே சொன்னார். சட்டை நனைந்துவிட்டது. மூன்றாவது போனை எடுத்தது சின்னமனூர்ப் பண்ணைக்காரி தேவயானி.

"அப்ப அந்தக்கா மேல தப்பே இல்லையா?" என்றாள் தேவயானி. "தரை ஷெட் தெரிஞ்ச ஆளைத்தேன் நானும் தேடிக்கிட்டு இருக்கேன். நாளைக்கிக் காலையில இங்கன வரச் சொல்லுங்க."

"வாரேன் தாயி" என்று அய்யம்மாள் நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

பிறகுதான் உள்ளே ஓடினாள். குவியலைக் கலைத்து, ஒவ்வொரு கோழியாகத் தூக்கிக் கம்பில் வைத்தாள். மற்றவர்களும் அதைப் பார்த்துச் செய்தார்கள். அதற்குள் பதினொன்று செத்திருந்தன. அந்தப் பாவம் தன்னையும் சேரும் என்று அவளுக்குத் தெரியும்.

"நாளைக்கும் வருவேல்ல?" என்று கேட்டார் ஸ்டான்லி.

"பதினஞ்சு நாளு இப்பிடித் தூக்கி வச்சாத்தேன் அதுகளா ஏறப் பழகும். ஆளு பத்தலைன்னா நீங்களும் தூக்குங்க மொதலாளி."

மறுநாள் பொழுது சாயும் நேரம், ஸ்டான்லி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோழி தூக்கினார். பிடிக்கத் தெரியாமல் கையெல்லாம் ரத்தம். கார்த்திக்ராஜ் போன் போட்டு இதைச் சொன்னபோது அய்யம்மாள் சின்னமனூர் ஷெட்டில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தன எடத்துல கொத்துச்சு?" என்று கேட்டாள்.