துவக்குக்குப் பின்னால் ஒரே வரிசையில்: லுவாங்வா காட்டில் நடந்த கதை

கடந்த ஜூலையில் என் கணவர் குகனுக்கு ஐம்பது வயது நிறைந்தது. ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார். வேலை முடிந்து எல்லிங்ஸ்ருட் வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சியில் யானையும் சிங்கமும்தான். "அப்பாவை ஒருக்கா ஆபிரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று பிள்ளைகள் இருவரும் பிடித்த பிடியில் ஐந்து நாள் பயணம் ஒன்றைப் பதிவு செய்தோம். ஜீப்பில் இருந்து பார்ப்பதைவிட இறங்கி நடந்து பார்த்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா பூங்கா நடைச் சஃபாரிக்குப் பெயர் போனது.

ஒஸ்லோவில் இருந்து அடிஸ் அபாபா வழியாக லுசாக்கா. அங்கிருந்து சின்ன விமானத்தில் ஒரு மணி நேரம் பறந்தால் ம்ஃபுவே. பிறகு ஜீப்பில் ஒன்றரை மணி நேரம் புழுதி. எங்கள் முகாம் ஆற்றங்கரையில் நாலு புல் குடிசைகள். இரவில் நீர்யானைகள் கனைக்கும். முதல் நாள் குகன் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார்.

காலை ஆறு மணிக்கு நடை தொடங்கும். வழிகாட்டி ஜோசப் விதிகளைச் சொன்னார். முன்னால் துவக்கோடு, தேவைப்பட்டால் சுடத் தயாராக, பூங்காக் காவலர் போவார். அவருக்குப் பின்னால் ஜோசப். பிறகு நாங்கள், ஒருவர் பின் ஒருவராக. கதைக்கக்கூடாது. காவலர் கை தூக்கினால் அப்படியே நிற்க வேண்டும். எது வந்தாலும் ஓடக்கூடாது. அன்று விருந்தினர் நாங்கள் இருவர் மட்டும்தான். குகன் என்னைத் தனக்கு முன்னால் விட்டார்.

காய்ந்த புல் இடுப்பளவுக்கு நின்றது. ஜோசப் குனிந்து சிறுத்தையின் தடத்தைக் காட்டினார், கறையான் புற்றைக் காட்டினார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் குகன் எதையும் பார்க்கவில்லை. நாலு அடிக்கு ஒருதரம் பின்னால் திரும்பிக்கொண்டிருந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஜூலைக் காலை அங்கே குளிர், நான் ஜாக்கெட் போட்டிருந்தேன்.

ஒரு திருப்பத்தில் காவலர் கையைத் தூக்கினார். முன்னால் மரங்களுக்கிடையில் ஆறேழு யானைகள், நடுவில் குட்டி. காவலர் துவக்கைத் தோளில் இருந்து இறக்கினார். மூச்சுவிடாமல் நின்றேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் குகன் வந்த வழியே விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார்.

ஜோசப் என்னைத் தாண்டிப் போய் அவரைப் பிடித்தார். யானைகள் ஆற்றுப் பக்கம் விலகிய பிறகுதான் என்னைக் கிட்டப் போகவிட்டார். குகன் புல்லுக்குள்ளே எதையோ தேடிக்கொண்டு நின்றார்.

"என்னப்பா, என்ன செய்யிறியள்?"

"பிள்ளை பின்னாலை வரேல்லை" என்றார். அதன் பிறகுதான் என் முகத்தை அடையாளம் கண்டவர் போலப் பார்த்தார்.

நடையை அதோடு நிறுத்தி முகாமுக்குத் திரும்பினோம். மத்தியானம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு அவர் தானாகவே சொல்லத் தொடங்கினார்.

"சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு இடம்பெயர்ந்த அண்டைக்கு இப்பிடித்தான். காட்டுப் பாதை. முன்னுக்குத் துவக்கோடை ஒருத்தர். சத்தம் போடாமல் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா வாங்கோ எண்டவை. அம்மாவுக்குக் காய்ச்சல், அவவை வண்டிலிலை ஏத்தி முன்னுக்கு அனுப்பியாச்சு. வதனியை நீ கூட்டிக்கொண்டு வா எண்டு எனக்குச் சொன்னவ."

வதனி அவருடைய தங்கை. அப்போது அவளுக்குப் பதினொரு வயது, இவருக்குப் பதினாறு.

"பின்னாலை வந்தவள். செருப்பு அறுந்து போச்சு அண்ணா எண்டு ரெண்டு தரம் கூப்பிட்டவள். சத்தம் போடாதை எண்டு உறுக்கினனான். பிறகு கூப்பிடேல்லை. விடிஞ்சு திரும்பிப் பாத்தால் பின்னாலை வேறை ஆரோ சனம் வருது."

"செல் குண்டு விழுந்து செத்தவள் எண்டுதானே எனக்குச் சொன்னனீங்கள்?"

"எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னது. அம்மாவுக்கும். செத்தவளோ எண்டே எனக்குத் தெரியாது."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடங்கள். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

மாலையில் ஜோசப் வந்தார். குகன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவருக்கும் நடந்ததைச் சொன்னார். ஜோசப் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக் கேட்டார். கடைசியில், "உங்களை இனி நடக்கக் கூட்டிப்போக முடியாது. ஜீப்பில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். போகிற எல்லோரையும் திருப்பிக் கொண்டுவருவதுதான் என் வேலை" என்றார்.

குகன் தலையாட்டினார். ஜோசப் போனபின் என்னிடம், "அந்த மனிசன் சொல்லுறது சரி" என்றார். "எனக்கும் அந்த வேலையைத்தான் தந்தவை."

அடுத்த நாள் நானும் நடைக்குப் போகவில்லை என்றுதான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "நீர் போட்டு வாரும். போகாட்டி எனக்கு இன்னும் கஷ்டம்." போனேன். ஒட்டகச்சிவிங்கிகள், காட்டெருமைக் கூட்டம், ஆற்றுமணலில் சிங்கத்தின் தடம். எல்லாம் பார்த்தேன். பார்த்ததைவிடப் பின்னால் திரும்பியதுதான் அதிகம். நான்தான் வரிசையில் கடைசி.

பத்து மணிக்குத் திரும்பியபோது பாதை தொடங்கும் இடத்தில் குகன் நின்றார். நாங்கள் போனதில் இருந்து அங்கேயே நிற்கிறாராம், தேநீர்கூடக் குடிக்கவில்லை என்று சமையல்காரர் சொன்னார். "வந்திட்டீரே" என்றார் குகன். பிறகு நின்ற இடத்திலேயே குந்தி இருந்து, நான் ஒருநாளும் பார்த்திராத மாதிரி அழுதார்.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் முதல் ஒக்டோபர் வரை நடக்கலாம், மழைக்காலத்தில் முகாம்கள் மூடிவிடும். எங்கள் இருவருக்கும் எல்லாமாகத் தொண்ணூறாயிரம் குரோனர் முடிந்தது. மலேரியா மாத்திரைக்கு முன்கூட்டியே மருத்துவரிடம் போங்கள். காக்கி, மண்நிற உடுப்புகள் நல்லது. நீலமும் கறுப்பும் வேண்டாம், செட்சே ஈக்கள் தேடி வரும். பதிவு செய்யும்போது இதயம், முழங்கால், ஆஸ்துமா பற்றிக் கேட்பார்கள். துவக்குக்குப் பின்னால் வரிசையில் நடந்த ஆட்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதை வேறு யாரும் கேட்கமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த அன்று, பெட்டிகளைக்கூடத் திறக்காமல், சுவாமிப் படங்களுக்குப் பக்கத்தில் இருந்த வதனியின் படத்தை எடுத்தார். அதற்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார். வெறும் படத்தைத் திரும்ப மாட்டிவிட்டு, மறுநாள் வேலைக்குப் போட வேண்டிய சட்டையை அயர்ன் பண்ணத் தொடங்கினார்.