நிறுத்தி வைத்த எட்டாம் கட்டம்

சார்ஜர் சூடானால் ஒரு வாசனை வரும், கவனித்திருக்கிறீர்களா? இன்னும் உருகவில்லை, ஆனால் எப்போது வேண்டுமானாலும் உருகிவிடுவேன் என்று பிளாஸ்டிக் மிரட்டுகிற வாசனை. போன ஞாயிற்றுக்கிழமை ஹைதராபாத்தில் எங்கள் கொண்டாப்பூர் ஃபிளாட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன், அது மூக்கில் ஏறியதும் பாய்ந்துபோய் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டேன். வாஷிங் மெஷின் பாதிச் சுற்றில் நின்றது. மேல்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தியும் இருக்கிறேன் போல. மகள் தன் லேப்டாப் சார்ஜரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, இட்ஸ் ஜஸ்ட் வார்ம். எந்துக்கு இந்த டென்ஷன்?" என்றாள். மனைவி போய் மெயினை மறுபடி ஏற்றினாள். அவளுக்குப் பழகிவிட்டது.

பயத்தில் நான் செய்த காரியங்கள் ஏராளம். லிஃப்ட் நின்றுவிட்டதென்று நினைத்து, திறந்திருந்த கதவுக்குள் நின்றுகொண்டே அலாரம் அடித்திருக்கிறேன். ஏப்பம் விட வேண்டிய நேரத்தில் ஈ.சி.ஜி. எடுத்திருக்கிறேன். எல்லாம் விருந்துகளில் சொல்லிச் சிரிக்க வைக்கிற சரக்குதான். ஒன்றை மட்டும் எந்த விருந்திலும் சொன்னதில்லை. அதற்கும் இதே வாசனைதான்.

இரண்டாயிரத்து ஒன்றின் கடைசி. அமெரிக்காவிலிருந்து வேலை வருவது நின்றுபோய், பஞ்சாரா ஹில்ஸில் இருந்த எங்கள் கம்பெனியில் அறுபது பேரைப் பெஞ்சில் வைத்திருந்தார்கள். பெஞ்ச் என்றால் பலகை அல்ல. புராஜெக்ட் இல்லாதவன், ஆனால் இன்னும் வெளியே அனுப்பப்படாதவன் என்று அர்த்தம். காலையில் அடையாள அட்டையைக் கதவோரத்து மெஷினில் தேய்த்துவிட்டு உள்ளே போக வேண்டும். நீளமான ஒரு ஹால். அறுபது பேருக்குப் பன்னிரண்டு கம்ப்யூட்டர். சாயங்காலம் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, இவனைத் தூக்குவார்களா என்னைத் தூக்குவார்களா என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நானும் ஜெபராஜும் அந்த அறுபதில் இரண்டு. நான் சேலம், அவன் தூத்துக்குடி. ஒரே நாளில் சேர்ந்தவர்கள். மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் சேர்ந்து குடியிருந்தோம். அவன் என்னைவிட உயரம், என்னைவிட நல்ல புரோகிராமர், என்னைவிட நன்றாகக் குழம்பு வைப்பான். என்னைவிட நிதானம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் போகிற ஆட்டோகூட என்னைவிட நிதானம்தான்.

பெஞ்சில் உட்கார்ந்த இரண்டாவது வாரம், கோட்டி பஜாரில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து ஒரு டி.வி. கேம் தூக்கிக்கொண்டு வந்தான். மஞ்சள் நிறக் கேசட். அதன்மேல் 'ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆட்டங்கள்' என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. உண்மையில் நான்கு. அந்த நான்கையே வெவ்வேறு பேரில் திரும்பத் திரும்பப் பட்டியல் போட்டிருந்தான் புண்ணியவான். எங்கள் கம்பெனியின் பிரோஷரும் அப்படித்தான் இருக்கும் என்பது வேறு விஷயம்.

நாங்கள் ஆடியது ஒன்றே ஒன்று. சட்டை போடாத இரண்டு சிப்பாய்கள். ஒருவன் நீலப் பேன்ட், ஒருவன் சிவப்புப் பேன்ட். இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே சுட வேண்டும். நின்றால் சாவு. குதிக்கும்போது உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொண்டு சுழல்வார்கள். ஆளுக்கு மூன்று உயிர். தன் உயிர்கள் தீர்ந்தவன் ஒரு பட்டனை அழுத்தினால் கூட்டாளியிடமிருந்து ஒன்று இவனுக்கு வந்துவிடும். அவனைக் கேட்கக்கூட வேண்டாம். இந்தப் பட்டனை நான் எத்தனை தரம் அழுத்தினேன் என்பது அந்தப் பட்டனுக்குத்தான் தெரியும். ஜெபராஜ் ஒருமுறைகூட அழுத்தியதில்லை.

மூன்றாவது கட்டத்தில் ஒரு அருவி. பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். ஒருவன் அவசரப்பட்டு ஏறினால் திரையும் கூடவே ஏறும், கீழே இருப்பவன் திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவான். நான் ஒவ்வொரு தடவையும் அலறிக்கொண்டு ஏறுவேன்.

"ஏல, கொஞ்சம் பொறுல. நீ மேல போனா கீழ கெடக்கவன் சாவாம்லா."

"குண்டு வருதுடா!"

"குண்டு எனக்குத்தாம்ல வருது. ஒனக்கு என்ன?"

இந்தச் சத்தம் கேட்டுக் கீழேயிருந்து வீட்டுக்காரம்மா வருவார். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். ஏன் என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று ஊர் உருது கலந்துதான் பேசுவார். படியில் பாதி ஏறி நின்றுகொண்டு, "கைக்கு பா இவ்ளோ சத்தம்? ரெண்டு பேரும் ஆபீஸ் போற பசங்களா, பட்டாளத்துக்காரங்களா? நக்கோ பா, எனக்கு பிபி இருக்கு," என்பார். ஜெபராஜ் உடனே எழுந்து நின்று, "சாரிங்க அம்மா, இவன் செத்துட்டான், இனிமே சத்தம் வராது," என்பான். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அந்த அம்மாவிடம் ஒரு பழக்கம். மாடியில் ஆள் இல்லாத நேரத்தில் மீட்டர் சுற்றினால், கீழேயிருந்தே எங்கள் மெயினை இறக்கிவிடுவார். எங்களைக் கெடுத்தது இந்தப் பழக்கம்தான் என்று சொல்ல எனக்கு ஆசை. அந்த மாதிரி மெஷினில் ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழி கிடையாது. கரண்ட் போனால் முதல் கட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். நிறுத்தி வைக்க ஒரு பட்டன் உண்டு, அவ்வளவுதான். அப்படி நிறுத்தி வைத்தால் அடாப்டர் கொதிக்கும். டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைக்க வேண்டும்.

அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். நல்ல கட்டத்தில் ஆட்டம் நிற்கிற நாட்களில் ஒருவன் மட்டும் ஆபீஸ் போவான், இரண்டு அட்டைகளையும் தேய்ப்பான். மற்றவன் வீட்டில் இருந்து மீட்டருக்கு ஆள் காட்டிக்கொண்டு அடாப்டருக்கு விசிறிக்கொண்டிருப்பான். பெஞ்சில் யார் யாரைத் தேடப் போகிறார்கள்? படித்த இரண்டு இன்ஜினியர்கள் யோசித்துக் கண்டுபிடித்த ஏற்பாடு இது.

தெரிந்தவனுக்கு மொத்த ஆட்டமும் அரை மணி நேரம்தான். எங்களுக்கு எட்டாவது கட்டத்தைக் கண்ணால் பார்க்கவே ஒன்றரை மாதம் ஆயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட வேளையில் அது வந்துவிட்டது. கடைசிக் கட்டம். நிறுத்தினோம். அன்றைக்கு ஆபீஸ் போக வேண்டிய முறை ஜெபராஜுடையது. சட்டையெல்லாம் போட்டுவிட்டான். நான்தான் விடவில்லை.

"நீ இரு. நான் வீட்ல இருந்தா கை அரிச்சு, பட்டன அமுக்கி, செத்துருவேன்டா."

"அதுவும் சரிதான்," என்று அட்டையைக் கழற்றிக் கொடுத்தான்.

பதினோரு மணிக்குப் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரையும் பெரிய அறைக்கு வரச் சொன்னார்கள். எச்.ஆர். மேடம் கையில் லிஸ்ட். பெயர் கூப்பிட, ஒவ்வொருவராகக் கை தூக்கினோம். அவன் பெயர் வந்தது. கை எழவில்லை. மேடம் லிஸ்டைப் பார்த்தார்: அட்டை ஒன்பது பன்னிரண்டுக்கு உள்ளே வந்திருக்கிறது. ஆள் எங்கே? அறையில் நாலைந்து பேர் என்னைப் பார்த்தார்கள். "யூ ஆர் ஹிஸ் ரூம்மேட், நோ?" என்றார் மேடம்.

டீ குடிக்கப் போயிருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். வயிறு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். ஐந்து வயதுக் குழந்தைகூட அதைத்தான் சொல்லும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஹி லெஃப்ட் பிஃபோர் மி, மேடம்." எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டான். அதாவது எனக்கு ஒன்றும் தெரியாது, அவனாகவே வந்தான், அவனாகவே தொலைந்தான். இதைச் சொல்லும்போது அவன் அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. நெஞ்சு அடித்ததில் அது துள்ளுவது வெளியே தெரிகிறதோ என்று ஃபைலால் மறைத்துக்கொண்டேன்.

மத்தியானமே கிளம்பிவிட்டேன். பஸ் ஏரிக்கரைச் சாலையான டேங்க் பண்டில் ஏறியதும், செக்யூரிட்டி ஜீப்பில் பின்னால் வருவதாகவே ஒரு எண்ணம். அட்டை என்னிடம் இருந்தால்தானே பிடிப்பார்கள்? ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்து வீசினேன். காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து கரையோரம் வரிசையாக நிற்கும் சிலைகளில் ஏதோ ஒரு புலவரின் காலடியில் போட்டது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, ஓடி வந்து, ஜெபராஜின் முகம் மேலே தெரியும்படி கிடந்ததை எடுத்து, கம்பியோரம் போய் இரண்டாவது தடவை வீசினேன். வேர்க்கடலைக்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். "க்யா ஃபேங்கா மியா?" என்று, எதை வீசினேன் எனக் கேட்டார். "பஸ் பாஸ். புரானா," என்றேன். பழைய பஸ் பாஸை ஏரியில் போட ஓடி வந்தவனை அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மாடி ஏறும்போதே அந்த வாசனை. ஜெபராஜ் தரையில் உட்கார்ந்து அடாப்டருக்குச் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தான். ஃபேன் மட்டும் போதவில்லையாம்.

"வந்துட்டியா மக்கா! உக்காரு, முடிச்சிருவோம்."

ஆள் எண்ணினார்கள் என்று சொன்னேன். விசிறிய கை நின்றது.

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. தெரியலன்னுட்டேன்."

"சரி விடு. தலவலி, போயிட்டேன்னு நாளைக்கு நான் பேசிக்கிடுதேன். அட்டைய எடு."

"பஸ்ல தொலஞ்சிருச்சுடா."

என் முகத்தைப் பார்த்தான். பிறகு ஆட்டத்தின் பட்டன் கட்டைகளில் ஒன்றை எனக்கு நீட்டினான். ஆடினோம். முடித்தும் விட்டோம். தீவு வெடித்தது, ஹெலிகாப்டர் பறந்தது, எழுத்துப் பிழையோடு ஒரு வாழ்த்து வந்தது. அது முடிந்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் முதல் கட்டம் மறுபடி ஆரம்பித்துவிட்டது. இரண்டு சிப்பாய்களும் ஒன்றுமே நடக்காததுபோல வந்து குதித்தார்கள்.

மறுநாள் அட்டை மட்டும் அவன் கையில் இருந்திருந்தால் திட்டி விட்டிருப்பார்கள். அட்டை இல்லை, அட்டை மட்டும் உள்ளே வந்திருக்கிறது என்றதும் விஷயம் வேறாகிவிட்டது. வெளி ஆளிடம் கொடுத்தாயா, யார் அது என்று கேட்டார்கள். என் பெயரைச் சொன்னால் போதும். "நானே தேச்சிட்டுப் போயிட்டேன், வழியில தொலைச்சிட்டேன்" என்பதையே மூன்று நாள் திரும்பத் திரும்பச் சொன்னான். நாலாம் நாள் ராஜினாமா எழுதி வாங்கினார்கள். வெளியேறும் படிவத்தில் பத்துப் பதினைந்து கையெழுத்து வாங்க வேண்டும். அடையாள அட்டை ஒப்படைத்தார் என்ற வரியில் மட்டும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. அதனால், முறைப்படி விடுவித்தோம் என்று கம்பெனி தருகிற ரிலீவிங் லெட்டர் கிடையாது. அது இல்லாதவனை அந்த நாளில் எந்தக் கம்பெனியும் தொடாது. அடுத்த வாரம் எனக்குப் புராஜெக்ட் கிடைத்தது.

செகந்திராபாத் ஸ்டேஷனில் பெட்டியை ஏற்றிவிட்டு நின்றேன். வண்டி கிளம்பும் நேரத்தில் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கேட்டான்: "ஏல, அது பஸ்லதான தொலஞ்சிச்சு?"

"ஆமாடா."

"சரி."

அதன்பிறகு இரண்டு மெயில் வந்தது. சென்னையில் ஒரு இடம் கூடி வருகிறது, அந்த லெட்டர் மட்டும் வேண்டும், இப்போது உனக்கு அங்கே செல்வாக்கு உண்டல்லவா, எச்.ஆரில் ஒரு வார்த்தை கேட்டுப் பார் என்று எழுதியிருந்தான். முயற்சி செய்கிறேன் என்று இரண்டுக்கும் பதில் போட்டேன். கேட்கவில்லை. கேட்டால், உனக்கென்ன அக்கறை என்று ஆரம்பித்து ஏரி வரைக்கும் வந்துவிடுவார்களோ என்று பயம். மூன்றாவது மெயில் வரவில்லை. சில வருஷம் கழித்து நானாக எழுதியது, அப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது.

இப்போது மெட்டுகுடாவில் அந்தச் சந்தின் முனையில் மெட்ரோ தூண் நிற்கிறது. வீட்டுக்காரம்மாவின் வீடு இருந்த இடத்தில் ஐந்து மாடி. ஜெபராஜ் எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. எங்கள் கம்பெனியை ஒரு கம்பெனி வாங்கி, அதை இன்னொன்று வாங்கி, பழைய பெயரைப் போன வருஷம் எங்கோ ஒரு கோப்பிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். பஞ்சாரா ஹில்ஸ் கட்டடத்தில் நகைக்கடை வைத்திருக்கிறார்கள். சென்ற மாதம் அதற்குள் போய், கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவில், எச்.ஆர். மேடத்தின் மேஜை இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகக் கண்டுபிடித்து நின்றேன். "என்ன பாக்குறீங்க சார், வளையலா, செயினா?" என்று கடையில் நின்ற விற்பனைப் பெண் தெலுங்கில் கேட்டாள். அட்டையைத் தேய்த்தது நான்தான், ஏரியில் போட்டதும் நான்தான் என்று சொல்லிவிட அந்த நிமிஷம் எனக்குத் துளிகூடப் பயமில்லை. கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் யாரும் இல்லாத இடத்தில் நான் எப்போதும் தைரியசாலி.