தனி நாற்காலி

அரசு விருந்தினர் மண்டபத்தில் இருக்கை போடுபவரை எல்லோரும் நாற்காலிக்காரர் என்றே அழைத்தார்கள். பெரிய திறமைசாலி என்று சொல்ல மாட்டேன், கவனமானவர். எந்த நாட்டார் பேச வந்தாலும் மேசையின் இருபுறமும் நூல் பிடித்தாற்போல் ஒரே உயர நாற்காலிகள். அதுதான் அங்கே விதி.

விதிக்குப் பின்னால் ஒரு பழைய சச்சரவு இருக்கிறது. உலகத்தின் நடுவில் தங்கள் அரியணை, மற்றவர்கள் கீழ்ப்படிகளில் என்று எண்ணிய பேரரசுகள் உண்டு. பக்கத்து அரசன் பகைவன், அவனுக்கு அப்பால் இருப்பவன் நண்பன் என்று வட்டம் வட்டமாகக் கணக்குப் போட்டவர்கள் உண்டு. நெடும்போரில் களைத்துப்போய், பெரிய நாடும் சிறிய நாடும் சமம் என்று ஒப்புக்கொண்டவர்களும் உண்டு. இந்தக் கடைசி எண்ணத்தைத்தான் இன்று நாகரிகம் என்கிறோம். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. சமம் என்று சொல்லிவிட்டு நாற்காலியின் உயரத்தை அளப்பவர்கள் நாம்.

அன்று வரவிருந்தவர்கள் கடலுக்கு அப்பாலிருந்த அண்டை நாட்டார். எல்லை தாண்டியதாக அவர்கள் பிடித்து வைத்திருந்த படகோட்டிகளில் நாற்காலிக்காரரின் மருமகனும் ஒருவன். அவர்களை விடுவிப்பது பற்றித்தான் பேச்சு. வருகிறவர் மனம் குளிரட்டுமே என்று, அவர்களுடைய குழுத் தலைவரின் இடத்தில் மட்டும் உள்ளறையிலிருந்த பெரிய மெத்தை நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். விளக்கு மாட்டிக்கொண்டிருந்தவர் ஏணியிலிருந்தே சீண்டினார்.

"என்னண்ணே, வர்றது சம்பந்தியா?"

இவர் மெத்தையில் படிந்திருந்த தூசியைத் தட்டினார்.

வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுடைய பழைய அரசவையில் கப்பம் கொண்டுவருகிறவனைத்தான் தனி ஆசனத்தில் உட்கார வைப்பார்களாம். மண்டப அதிகாரியான பெண்மணி ஓடிவந்து, மாற்றிவிடுகிறோம் என்றார். உடனே இந்தப் பக்கத்துத் தலைவருக்கு முகம் சுருங்கியது. அவர்கள் முறைத்ததும் எடுத்தால் பணிந்துபோனதாக ஆகிவிடும் என்றார். நாற்காலியை வைத்திருக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

அதிகாரி நாற்காலிக்காரரை ஓரமாக அழைத்தார். "இதைப் போடச் சொன்னது யாருண்ணே?"

"யாரும் சொல்லலம்மா. மரியாதையா இருக்கட்டும்னு நானாத்தான் போட்டேன்."

மருமகனைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. வேலை போவது கிடக்கட்டும்; இதில் சொந்த விஷயம் புகுந்துவிட்டது என்று பேச்சையே நிறுத்திவிட்டால்?

கடைசியில் அதிகாரி எல்லா நாற்காலிகளையும் வெளியே எடுக்கச் சொன்னார். மேசையைச் சுற்றி நின்றபடியே பேச இரு தரப்பும் சம்மதித்தன. யாருக்கும் உயர்வில்லை, தாழ்வில்லை. கால்வலி மட்டும் பொது. கதவு சாத்தப்பட்டது.

தாழ்வாரத்தில் குவிந்த நாற்காலிகளுக்கு நடுவே நாற்காலிக்காரர் நின்றார். ஒன்றில்கூட உட்காரத் தோன்றவில்லை. மகள் கைபேசியில் அழைத்தாள்.

"ஆரம்பிச்சாச்சாப்பா?"

"ஆரம்பிச்சாச்சும்மா."

"நல்லபடியா உட்கார்ந்து பேசுறாங்கல்ல?"

உள்ளே யாரோ ஒருவரின் குரல் உயர்ந்தது. அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசுறாங்கம்மா."