கறார் அக்காவின் முந்நூறு புள்ளிகள்

விண்மீன் ஆய்வுக்கூடத்தில் கறார் அக்கா வருகிறாள் என்றால் பேராசிரியரே நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். தொலைநோக்கி எடுத்த படங்களில் எந்தச் சிவப்புப் புள்ளி இப்போதுதான் பிறந்த விண்மீன், எது அப்படி வேஷம் போடும் வேறொன்று என்று பிரிப்பது பதினோரு வருடமாக அவள் வேலை. சந்தேகம் வந்தால் இரக்கமில்லாமல் பட்டியலிலிருந்து அடித்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று சொன்னது மரியாதைக்காக.

பேராசிரியரின் வாதம் இதுதான்: விண்மீன்கள் கண்ட இடத்தில் பிறப்பதில்லை, மேகத்துக்குள் நூல் நூலாக ஓடும் குளிர்ந்த வாயுவில்தான் பிறக்கின்றன. ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினார். திரும்பி வந்தது. 'பேராசிரியர் எதை விரும்புகிறார் என்பது புள்ளிகளைப் பிரித்தவருக்குத் தெரியுமே' என்று மதிப்பீட்டாளர் ஒரு வரி எழுதியிருந்தார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. "நான் இவருக்கு ஜால்ரா போட்டேன்னா சொல்றாங்க?"

அன்றே, தான் பிரித்திருந்த முந்நூறு புள்ளிகளையும் வாயு நூல் தெரியாதபடி தனித்தனியாக வெட்டி அச்செடுத்தாள். வரிசையைக் கலைத்துப் புது எண் போடும் வேலை வீட்டுக்காரருக்கு. அவர் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர். "பிரிச்சே பழகின கையைக் கலைக்கச் சொல்றியே" என்று புலம்பிக்கொண்டே கலைத்தார்.

நான்கு நாள் உட்கார்ந்து மறுபடி பிரித்தாள். ஐந்தாம் நாள் பழைய பட்டியலோடு ஒப்பிட்டபோது பேராசிரியர் துள்ளிக் குதிக்காத குறை. நூலுக்கு வெளியே எதுவும் மாறவில்லை. நூலின் மேல் அவள் முன்பு அடித்துத் தள்ளிய முப்பத்தொரு புள்ளிகளை இப்போது அவளே விண்மீன் என்று ஒப்புக்கொண்டிருந்தாள். வாதம் முன்பைவிடப் பலமாகிவிட்டது.

அக்காவின் முகம்தான் தொங்கிப்போனது. ஜால்ரா என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்று, முதல் தடவை நூல் மேல் இருந்தவற்றிடம் மட்டும் கூடுதல் கறார் காட்டியிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இதையெல்லாம் எழுதணுமாம்மா? முடிவு நமக்குச் சாதகம்தானே" என்றார் பேராசிரியர்.

"எழுதுங்க சார். ஓரவஞ்சனை பண்ணது நான்தான்னு எழுதுங்க."

வீட்டில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். வீட்டுக்காரர் ஆறுதல் ஒன்றும் சொல்லாமல் சாப்பாட்டு மேசையில் இரண்டு கிண்ணங்களில் சாம்பார் கொண்டுவந்து வைத்தார். "ஒண்ணு நான் சமைச்சது. ஒண்ணு கடையில வாங்கினது. இருபது வருஷமா என் சமையல்ல உப்பு பத்தலைன்னு சொல்றியே, எதுல பத்தலை சொல்லு."

அக்கா இரண்டையும் ருசித்தாள். யோசித்தாள். மறுபடி ருசித்தாள். இடது கிண்ணத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"அது கடையில வாங்கினது" என்றார் அவர்.

அக்கா வலது கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.