எதிரே வந்தவள்

என் வீட்டுக்காரர் முன்கோபி என்பது தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். "பையனுக்குக் கோபம் வரும், ஆனா மனசு வெள்ளை" என்று என் அப்பா சொன்னார். மனசு வெள்ளையோ கறுப்போ, அதை யார் திறந்து பார்த்தார்கள்? இத்தனை வருடமாக நான் பார்த்துக்கொண்டிருப்பது கோபத்தைத்தான்.

அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கம்பெனியில் அவருக்கு மிளகாய் என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவரும் பட்டம் வாங்கியவர்போல் நிமிர்ந்துகொள்வார். வேலையில் கெட்டிக்காரர், அதில் ஒரு குறை சொல்ல முடியாது. பாதியில் நின்றுபோன லிஃப்ட்டிலிருந்து ஆட்களை வெளியே எடுக்கும்போதுகூட, "எத்தனை பேர் ஏறணும்னு எழுதிப் போட்டிருக்கே, படிக்கத் தெரியாதா?" என்று திட்டிக்கொண்டேதான் கையை நீட்டுவார். திட்டு வாங்கியவர்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவருடைய கோபங்களுக்கெல்லாம் ராஜா ஒன்று உண்டு. எதிரே பிரைட் விளக்குப் போட்டுக்கொண்டு வரும் வண்டிகள். எங்கள் தெருவிலிருந்து கடைத்தெருவுக்குப் போகிற வழியில் ஒரு பழைய தொழிற்சாலையின் மதில் நீளத்துக்குப் போகும். அந்த ரோட்டில் விளக்குக் கம்பம் உண்டு, விளக்குக் கிடையாது. ஒரு பக்கம் மதில், மறு பக்கம் சாக்கடை. அங்கே எவனாவது பிரைட்டில் வந்தால் போதும், இவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கரடியாகக் கத்துவார். ஒருமுறை வண்டியைக் குறுக்கே நிறுத்தி ஒரு லாரிக்காரருக்குப் பாடமே எடுத்தார். பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. நான் பக்கத்து சீட்டில் தலையைக் குனிந்துகொண்டு என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

நான் கடைத்தெருவில் ஒரு ரெடிமேட் கடையில் துணி பிடித்துக் கொடுக்கிறேன். இடுப்பைக் குறைப்பது, கால் நீளத்தை மடித்துத் தைப்பது, இதெல்லாம். கடை மூடியதும் படியில் உட்கார்ந்து இவருக்காகக் காத்திருப்பேன். இவர் வந்ததும் வழிநெடுக ஊரைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வருவேன். போதும்டா சாமி என்று போன வருடம் என் தையல் காசில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். நாற்பதைத் தாண்டியபிறகு கற்றுக்கொண்டேன். முழங்கால் தோல் போனது, பயம் போனது. ஹெல்மெட்டுக்குள் என் தலை, அதற்குள் ஒருவர் சத்தமும் இல்லை. அந்தச் சுகம் அனுபவித்தால்தான் தெரியும்.

இவருக்கு அது பிடிக்கவில்லை. "ரோட்ல எவனுக்கும் ஓட்டத் தெரியாது. உனக்கும் சேர்த்து நான் பயப்படணுமா? ஒரே ஒரு தடவை விழுந்தேன்னு கேள்விப்பட்டேன், அன்னிக்கே வண்டியை வித்துடுவேன்" என்றார். சும்மா சொல்கிறவர் அல்ல. என் தம்பி கொடுத்த மிக்ஸி சத்தம் போடுகிறது என்று ஒரே நாளில் விற்றவர்.

இப்படி இருக்கையில் எங்கள் காரின் முன்விளக்குகள் பழுப்பேறிப் போயின. பற்பசை போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்று யாரோ சொல்ல, ஒரு ட்யூப் முழுவதையும் காலி பண்ணினார். கார் வாய் மணத்ததே தவிர வெளிச்சம் வரவில்லை. பட்டறைக்காரர், கம்பெனி விளக்குத்தான் மாட்டுவேன் என்றார். அவரோடு ஒரு சண்டை. கடைசியில் இவரே தேடிப்பிடித்து வெளிநாட்டிலிருந்து ஒரு ஜோடி விளக்கு வரவழைத்தார். அதே காருக்கான அச்சு, ஆனால் வெள்ளை வெளேரென்று எரிகிற எல்.இ.டி.

"இனிமே எதிர்ல வர்றவனுக்குப் புத்தி வரும்" என்றார். வெளிச்சம் வேண்டும் என்று வாங்கினாரா, பழிவாங்க வாங்கினாரா என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

லீவு நாளில் வாசலிலேயே வேலை தொடங்கியது. முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். பிறகு முன் பம்பர். அதில் பாதி ஸ்க்ரூ, பாதி பிளாஸ்டிக் கிளிப். ஸ்க்ரூ இவர் பேச்சைக் கேட்டது, கிளிப் கேட்கவில்லை. இரண்டு உடைந்தன. உடைந்ததற்குக் காரணம் நான் தட்டைச் சரியாகப் பிடிக்காதது. தட்டில் நான் வைத்திருந்தது ஏற்கனவே கழற்றிய ஸ்க்ரூக்கள். அதற்கும் கிளிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அதற்கு வேறு ஒரு திட்டு விழும் என்று வாயை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

பம்பர் இறங்கியதும் காரின் முகம் பல்செட்டைக் கழற்றியதுபோல் ஆனது. நடுரோட்டுப் பக்கத்து விளக்கை முதலில் மாற்றினார். பொழுது சாய்ந்திருந்தது. எரிகிறதா என்று பார்க்கப் பேட்டரியை மாட்டி, எதிர்வீட்டு மதிலில் அடித்துப் பார்த்தார். எதிர்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற தபால்காரர். "என்னப்பா, எங்க வீட்டுக்கு விடிஞ்சிடுச்சா?" என்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மதிலில் ஒரு பக்கம் பழைய விளக்கின் மங்கல் மஞ்சள், மறு பக்கம் புதியதின் வெள்ளை. இரண்டிலும் வெளிச்சத்தின் மேல் ஓரம் கோடு போட்டதுபோல் இருந்தது. கோடு கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு சாய்வாக மேலே ஏறியது. பழையது ரோட்டோரப் பக்கமாக ஏறியது. புதியது நடுரோட்டுப் பக்கமாக ஏறியது. இரண்டும் சேர்ந்து சட்டைக் காலர் விரித்து வைத்த மாதிரி இருந்தது. நாளெல்லாம் துணியின் ஓரத்தையே பார்க்கிற கண் இது, பார்க்காமல் இருக்காது.

"ஏங்க, இது ரெண்டும் வேற வேற பக்கம் ஏறுதே?"

"விளக்குன்னா ஒரு பக்கம் ஏறத்தான் செய்யும்."

"பழசு அந்தப் பக்கமில்ல ஏறியிருக்கு?"

"இந்தா, இது பேண்ட் மடிக்கிற வேலை இல்ல. தட்டை ஒழுங்காப் பிடி."

எனக்குச் சுருக்கென்றது. தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது இரண்டையும் மாற்றி, பம்பரையும் மாட்டியிருந்தார். இப்போது இரண்டு கோடும் ஒரே பக்கமாக ஏறின. ஜோடி சேர்ந்துவிட்டதால் எனக்கே அதுதான் சரி என்று தோன்றிவிட்டது. பழைய விளக்குகளை மறுநாளே பழைய இரும்புக்காரரிடம் போட்டார்.

அன்றிலிருந்து ஊரே இவரைப் பார்த்து விளக்கை அடித்து அடித்துக் காட்ட ஆரம்பித்தது. காரும் காட்டியது, பைக்கும் காட்டியது. ஒரு பஸ் டிரைவர் கையை வெளியே நீட்டி ஏதோ கேட்டாராம். "நான் டிம்லதான் வர்றேன்! டிம்முக்கும் பிரைட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனெல்லாம் வண்டி ஓட்டறான்" என்று வீட்டுக்கு வந்து குதித்தார். "பொறாமை. நம்ம வெளிச்சத்தைப் பார்த்துப் பொறாமை." விளக்கைப் பார்த்து எவன் பொறாமைப்படுவான்? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் நான் என்ன சொல்ல?

ஒரு நாள் கடை மூடியதும் நான் வழக்கம்போலக் கிளம்பினேன். மதில் ரோட்டில் பாதி தூரம் வந்திருப்பேன். எதிரே ஒரு கார். திடீரென்று முகத்தில் வெள்ளை அறைந்தது. ரோடு போயிற்று, மதில் போயிற்று, என் கையே எனக்குத் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. ஓரமாக ஒதுங்கினேன். ஓரம் என்று நான் நினைத்த இடத்தில் ஓரம் இல்லை. ஸ்கூட்டரோடு சாக்கடைக்குள் சரிந்தேன்.

தண்ணீர் இல்லை, சேறுதான். முழங்கை கல்லில் உரசியது. கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. கார் வேகத்தைக் குறைத்தது. அப்பாடா, நிற்கிறார்கள் என்று நினைத்தேன். ஜன்னல் இறங்கியது.

"கண்ணு தெரியலைன்னா எதுக்கு வண்டியை எடுத்துட்டு வர்றீங்க? வீட்டுல கிடக்க வேண்டியதுதானே!"

கார் போய்விட்டது.

அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? இத்தனை வருடம் என் காதுக்குள் குடியிருக்கிற குரல். சேற்றில் உட்கார்ந்தபடியே அந்தக் காரின் பின்னால் பார்த்தேன். நம்பரும் தெரிந்தது.

வலி அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். அந்த ஆத்திரத்தில்தான் தனியாளாக ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்தினேன், இல்லாவிட்டால் எனக்கு அந்தப் பலம் கிடையாது. வீட்டுக்கு வந்து கையைக் கழுவி, மருந்து போட்டுக்கொண்டு, முன்னறையில் உட்கார்ந்தேன். சொன்னால் விழுந்தது தெரிந்துவிடும், ஸ்கூட்டர் போய்விடும். திரும்பவும் கடைப்படி, திரும்பவும் பக்கத்து சீட்டு. சொல்லாமல் இருந்தால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். முழங்கையில் கட்டு, வாசலில் ஒற்றைக் கண்ணாடியோடு வண்டி. என்ன செய்வதென்று தெரியாமல் உடை மாற்றக்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அவர் வந்தார். வரும்போதே பேச்சு.

"ஆஸ்பத்திரி லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிச்சுன்னு ஓடறேன், மதில் ரோட்ல ஒரு பொம்பளை ஸ்கூட்டர்ல பேக்கு மாதிரி முழிச்சுக்கிட்டு வந்து தானா சாக்கடைல விழறா! நல்லாக் கேட்டுட்டுத்தான் வந்தேன். இதுக்குத்தான் உங்கிட்ட அடிச்சுக்கறேன்..."

அப்போதுதான் என்னைப் பார்த்தார். கட்டைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"விழுந்தியா? யாரு? எவன் இடிச்சான்?"

"இடிக்கலை. கண்ணுல வெளிச்சத்தை அடிச்சான்."

"எந்த நாய் அது? நின்னானா?"

"நிக்கலை. திட்டிட்டுப் போனான்."

கார்ச் சாவியை எடுத்துவிட்டார். "நம்பர் பார்த்தியா? சொல்லு, இன்னிக்கு அவனை உண்டு இல்லைன்னு பண்றேன்."

"பார்த்தேன். மனப்பாடமாவே தெரியும்" என்று சொல்லி, எங்கள் கார் நம்பரைச் சொன்னேன்.

சாவி அவர் கையிலேயே இருந்தது. வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஹெல்மெட் போட்டிருந்த... நீன்னு தெரியலை..." என்றார்.

அதுவரை அடக்கிவைத்திருந்தது அந்த வார்த்தையில்தான் உடைந்தது.

"நான்னு தெரியலை. அதைத்தான் கேக்கறேன். நானா இல்லாம வேற எவளோவா இருந்தா விழுந்து கிடக்கட்டுமா? லிஃப்ட்ல மாட்டினவனுக்குத் திட்டிக்கிட்டாவது கையைக் கொடுப்பீங்களே, எனக்கு அந்தத் திட்டு மட்டும்தானா? விளக்கு தப்பா இருக்கலாம், அது பொருள். ஜன்னலை இறக்கினீங்களே, கதவைத் திறக்க என்ன கேடு?"

"ஆள் மாட்டியிருக்குன்னு போன் மேல போன்..."

"திட்டறதுக்கு மட்டும் நேரம் இருந்துச்சு."

தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர்வீட்டு ஜன்னலில் தபால்காரரின் தலை தெரிந்து மறைந்தது. கேட்கட்டும் என்று இருந்தேன். இத்தனை வருடம் இவர் கத்தியதைக் கேட்டார்களே.

பிறகு காரைத் தெருக்கோடி பார்த்துத் திருப்பவைத்து, அவரை ஸ்கூட்டரில் உட்காரவைத்து அங்கே போகச் சொன்னேன். போனார். கார் விளக்கை நான் போட்டேன், டிம்மில்தான். அவர் எதிரே மெல்ல வந்தார். பாதி தூரத்தில் பிரேக்கைப் பிடித்து, காலை ஊன்றி, கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் விளக்கை உடனே அணைக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே விட்டேன்.

வந்து காரை எதிர்வீட்டு மதிலைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி, அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, மதிலில் விழுந்த கோட்டைப் பார்த்தார். "இது நமக்கு எதிர்ப் பக்கமா வண்டி ஓட்டற நாட்டுக்குச் செஞ்சது. ஓரத்துக்கு ஏற வேண்டிய வெளிச்சம் நடு ரோட்டுக்கு ஏறுது" என்றார், மிளகாய் இல்லாத ஒரு குரலில். பிறகு, "விக்கிறவன் சொல்ல வேணாமா, திருட்டுப்பய..." என்று தொடங்கினார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். வேறு வேறு பக்கம் ஏறுகிறது என்று நான் அன்றைக்கே சொன்னதை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

காலையில் அந்த விளக்குகளைக் கழற்றினார். பழையவை இரும்புக்காரரிடம் உருகிப்போயிருக்கும். சரியானது வந்து சேரும்வரை கார் கண்ணில்லாமல் வாசலில் நின்றது. என் ஸ்கூட்டருக்குப் புதுக் கண்ணாடி மாட்டிவைத்திருந்தார், நான் கேட்கவில்லை. மன்னிப்பும் அவர் கேட்கவில்லை. ஸ்கூட்டரை விற்கிற பேச்சை மட்டும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. எனக்குக் கோபம் ஆறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சாயங்காலம் கடை மூடியதும் அவர் கம்பெனி வாசலுக்குப் போய் நின்றேன். மிளகாய், மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறுவதைப் பார்க்க நாலு பேர் வெளியே வந்தார்கள். இவர் ஏறி உட்கார்ந்தார்.

மதில் ரோட்டில் எதிரே ஒருவன் பிரைட்டில் வந்தான். பின்னால் மூச்சு இழுபடுவது கேட்டது. "டேய்..." என்று குரல் கிளம்பியது.

"சும்மா வாங்க. தெரிஞ்சவங்களா இருக்கப்போறாங்க" என்றேன்.

குரல் அடங்கியது. அடுத்த நொடி என் ஹெல்மெட்டுக்கு முன்னால் ஒரு கை வந்தது. வெளிச்சம் என் கண்ணில் படாமல் விரலைச் சேர்த்து மறைத்துக்கொண்டிருந்தார்.

"கையை எடுங்க" என்றேன். "ரோடு தெரியலை."

எடுத்துவிட்டார். எதிரே வந்தவன் கடந்து போகும்வரை ரோட்டோரத்தைப் பார்த்து ஓட்டினேன்.