சோமவாரத்து அடுப்பு

நான் என் அத்தையின் அடுப்பில் தண்ணீர் ஊற்றியவன். எழுபதைத் தாண்டிய பிறகும் இதை நல்லவிதமாகச் சொல்ல ஒரு வழி கிடைக்கவில்லை. ஆகவே நடந்தபடியே சொல்கிறேன்.

பாகிஸ்தானோடு போர் மூண்ட வருஷம் அது. சண்டை எங்கோ வடக்கே. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் சோளம் தன்பாட்டுக்கு விளைந்துகொண்டிருந்தது. ஆனாலும் நாங்களும் போரில் இறங்கினோம். நாட்டில் தானியம் போதவில்லை, திங்கட்கிழமைதோறும் இரவுச் சாப்பாட்டை எல்லோரும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தில்லியிலிருந்து வேண்டுகோள் வந்தது. அப்பா கோயில் முன்னால் ஊரைக் கூட்டிச் சம்மதம் வாங்கினார். பள்ளிக்கூடத்து வாத்தியார் எங்களைக் காவல்படை ஆக்கினார். பொழுது சாய்ந்ததும் எந்தக் கூரையில் புகை வருகிறது என்று பார்த்துவர வேண்டும். படைக்கு நான் தலைவன்.

எங்கள் வீட்டில் யாரும் விதியை மீறவில்லை. அம்மா நாலு மணிக்கே சுடுசோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் பரிமாறிவிடுவாள். வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடவே விழும். அந்த வயிற்றோடுதான் நான் நாட்டுக்காகப் பட்டினி கிடக்கப் புறப்படுவேன்.

அப்படி ஒரு திங்கட்கிழமை, மேற்குத் தெருவில் ஒரு கூரையில் புகை எழுந்தது. அப்பாவின் தங்கை வீடு. மாமா லாரி டிரைவர். எல்லைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போய் வெகுநாளாகியும் தகவல் இல்லை. அத்தை தனியாக இருந்தாள்.

"உங்க அத்தை ஊடுடா. சொந்தம்னு உட்டுப்போட்டு வந்துருவயா?" என்றான் படையில் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது. நேரே உள்ளே போனேன்.

அத்தை விளக்கேற்றிவிட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சின்னப் பானையில் அரிசி அப்போதுதான் கொதி கண்டிருந்தது.

"திங்கக்கெழம ராத்திரி சோறாக்கக் கூடாதுங்க அத்தை."

"இன்னைக்குச் சோமவாரம் சாமி. காத்தாலருந்து பச்சத்தண்ணிதான். உங்க மாமன் நல்லபடியா ஊடு வந்து சேரணும்னு இருக்கறேன். பொழுதுபோய் ஒரு வாய் உண்டாத்தான் வெரதம் முடியும்."

"எல்லாரும் நாட்டுக்காகத்தான உடறாங்க?"

"உங்க மாமன் மட்டும் ஆருக்கடா போயிருக்கறாரு?"

பதில் தெரியாத கேள்விக்கு ஒரு தலைவன் செய்வதையே நானும் செய்தேன். குடத்துத் தண்ணீரைச் சாய்த்து அடுப்பில் ஊற்றினேன். சாம்பல் பொங்கிப் பானைக்குள்ளும் விழுந்தது.

அத்தை பானைக்குள் அகப்பையை விட்டு, வேகாத அரிசி ஒன்றை எடுத்து, சாம்பலைத் துடைத்தாள். விளக்கைப் பார்த்துக் கண்ணை மூடி அதை வாயில் போட்டு விழுங்கினாள்.

"தின்னுட்டாங்கடா!" என்று வாசலில் நின்றவன் கத்தினான். மறுநாள் வாத்தியாரிடம் அதையும் சேர்த்தே சொன்னேன். பையன்கள் எல்லோரும் எனக்காகக் கை தட்டினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அந்தக் கூரையில் புகை இல்லை. அதற்கடுத்த திங்களும் இல்லை. அத்தை திருந்திவிட்டாள் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள் என்று அம்மா சொன்னபோதுகூட நான் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

மாமா திரும்பி வந்தார். இளைத்திருந்தார், மற்றபடி குறையில்லை. ஊரே அவர் வீட்டு முன்னால் கூடியது. சொந்த அத்தை அடுப்பையே அணைத்த என் வீரத்தை யாரோ சொல்ல, மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "இவனல்லவா மாப்புள்ள!" என்றார். அத்தை தாழ்வாரத்தில் நின்றிருந்தாள். அந்த விரதம் யாருக்காக என்று சொன்னால் மாமா என்னைக் கீழே இறக்கிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செய்த தப்புக்கு வெட்கப்படுகிறாள் என்று, தோள்மேல் உட்கார்ந்து நான் நினைத்துக்கொண்டேன்.